பழைய சதுரங்கப் பதிவுகளில் இருபொருள்: எந்தச் சான்றை நம்புவது?

1. கேள்வி

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் 19ஆம் நூற்றாண்டு முழுவதும், 20ஆம் நூற்றாண்டின் எழுபதுகள் வரையிலும் சதுரங்க ஆட்டங்கள் 'விளக்கக் குறியீடு' என்னும் முறையில்தான் பதிவாயின. ஹோவர்ட் ஸ்டாண்டன் நடத்திய இதழிலிருந்து பாபி ஃபிஷரின் 'மை 60 மெமரபிள் கேம்ஸ்' (1969) வரை அந்த மரபு நீள்கிறது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, 1981 முதல் தன் போட்டிகளில் இயற்கணிதக் குறியீட்டை மட்டுமே ஏற்கிறது. வேறு முறையில் எழுதிய பதிவுத்தாளை, தகராறு வரும்போது சான்றாகப் பயன்படுத்த முடியாது என்பதும் அதன் விதி. நடப்பு ஆட்டங்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

முடியாதது பழைய ஆட்டங்களின் கதை. நூல்களிலும் இதழ்களிலும் கையெழுத்துத் தாள்களிலும் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இன்றைய குறியீட்டுக்கு மாற்றப்பட்டுக் கணினித் தரவுத்தளங்களில் ஏறியிருக்கின்றன, இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. மாற்றுபவர் அவ்வப்போது ஒரு முட்டுச்சந்தில் வந்து நிற்கிறார்: எழுதியிருக்கும் ஒரே வரி, பலகையில் இரண்டு நகர்வுகளுக்குப் பொருந்துகிறது. எதை எடுப்பது? எதன் பேரில்? இக்கட்டுரையின் கேள்வி இதுதான். சான்றுகளுக்குள் வலிமை வரிசை ஒன்று உண்டு, பலரும் முதலில் கையிலெடுக்கும் சான்று அந்த வரிசையில் இடம்பெறவே தகுதியற்றது என்பது என் வாதம்.

2. முறையின் அமைப்பு

விளக்கக் குறியீட்டில் பலகையின் எட்டு நெடுவரிசைகளும் ஆட்டத் தொடக்கத்தில் அங்கு நிற்கும் காயின் பெயரைப் பெறுகின்றன. ராஜா நிற்பது ராஜா வரிசை; அதையடுத்து ராஜா பக்கத்து மந்திரி, குதிரை, யானை வரிசைகள்; மறுபுறம் ராணி வரிசையும் ராணி பக்கத்து மூன்றும். குறுக்குவரிசைகளுக்கு எண் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஆட்டக்காரரும் தம் பக்கத்திலிருந்து எண்ணுகிறார். வெள்ளைக்கு 'ராஜா 4' ஆக இருக்கும் கட்டம் கறுப்புக்கு 'ராஜா 5'.

இக்கட்டுரையில் ராஜா 'ரா', ராணி 'ணி', மந்திரி 'ம', குதிரை 'கு', யானை 'யா', காலாள் 'கா' என்று சுருக்கப்படும். 'கா-ரா4' என்றால் காலாள் ராஜா 4ஆம் கட்டத்துக்குச் செல்கிறது, 'கு-ரா.ம3' என்றால் குதிரை ராஜா பக்கத்து மந்திரி வரிசையின் 3ஆம் கட்டத்துக்கு. வெட்டும்போது கட்டம் சொல்லப்படுவதில்லை, வெட்டுப்பட்ட காய்தான் சொல்லப்படும்: 'ம×கா' என்றால் மந்திரி ஒரு காலாளை வெட்டுகிறது, அவ்வளவுதான். இன்றைய கட்டப் பெயர்கள் தேவைப்படும் இடத்தில் ஏ முதல் எச் வரை நெடுவரிசைகளையும் 1 முதல் 8 வரை குறுக்குவரிசைகளையும் வழக்கம்போல் குறிக்கிறேன்.

3. குற்றச்சாட்டும் உண்மையான இடமும்

ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பெயர் இருப்பதால் இந்த முறையே குழப்பம் என்பது பரவலான கருத்து. கற்பவருக்கு அது சுமை என்பதில் ஐயமில்லை. ஆனால் இருபொருள் அங்கிருந்து பிறப்பதில்லை. நகர்த்துபவர் வெள்ளையா கறுப்பா என்பது பதிவின் எந்த இடத்திலும் தெரியும். தெரிந்தபின் முழுப்பெயர் ஒரே ஒரு கட்டத்தைத்தான் சுட்டும்.

இருபொருள் பிறக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, சேரும் கட்டம். இட நெருக்கடியில் வாழ்ந்த பத்திரிகைகளும் நேர நெருக்கடியில் எழுதிய ஆட்டக்காரர்களும் 'ரா.ம4' என்பதை 'ம4' என்று குறைத்தார்கள். அப்படிக் குறைத்தால் ஒருவர் பார்வையில் 64 கட்டங்களில் ராஜா, ராணி வரிசைகளின் 16 மட்டுமே தனிப்பெயரோடு நிற்கின்றன. மீதி 48 கட்டங்கள் 24 பெயர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டாவது, புறப்படும் காய். இரண்டு யானைகளும் ஒரே கட்டத்துக்குப் போக முடியும்போது 'யா-ணி1' எந்த யானையைச் சொல்கிறது? மூன்றாவது, வெட்டுப்படும் காய். எட்டுக் காலாட்களில் எது?

இன்றைய இயற்கணித முறை முதலாவதையும் மூன்றாவதையும் ஒழித்தது. இரண்டாவதை ஒழிக்கவில்லை. இரண்டு குதிரைகள் டி2 கட்டத்துக்குப் போக முடிந்தால் இன்றும் புறப்படும் வரிசையைச் சேர்த்து எழுதியாக வேண்டும். பழைய முறை முழுக்கக் குழப்பம், புதிய முறை முழுக்கத் தெளிவு என்ற எளிய படம் இங்கே நிற்காது.

4. எழுதியவர்களின் பொருளாதாரம்

விளக்கக் குறியீட்டின் அடிப்படை ஒழுங்கு, தேவைக்கு மேல் ஓர் எழுத்தும் எழுதாதே என்பது. வாசகர் முன் பலகை இருக்கிறது, காய்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்ட முறை அது. இத்தாலிய ஆட்டத்தின் தொடக்கம் இதை நன்றாகக் காட்டும்:

1. கா-ரா4 கா-ரா4 2. கு-ரா.ம3 கு-ணி.ம3 3. ம-ம4 ம-ம4 4. கா-ம3 கு-ம3 5. கா-ணி4 கா×கா 6. கா×கா ம-கு5 செக்.

இரண்டாவது நகர்வில் முழுப்பெயர் எழுதியே ஆகவேண்டும், ஏனெனில் இரு குதிரைகளுக்கும் ஆளுக்கொரு 'ம3' காத்திருக்கிறது. மூன்றாவதில் வெறும் 'ம-ம4' போதும்: ராணி பக்கத்து மந்திரி எஃப்4 கட்டத்துக்குப் போக டி2இல் நிற்கும் காலாள் விடாது, ஆகவே பேசப்படுவது சி4தான். நான்காவதில் 'கா-ம3' சி3ஐ மட்டுமே சுட்டும்; எஃப்3இல் வெள்ளையின் சொந்தக் குதிரை உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாவதில் கறுப்பின் 'கா×கா', அடுத்து வெள்ளையின் 'கா×கா' இரண்டுக்கும் பலகையில் ஒரே ஒரு வாய்ப்புத்தான். ஆறாவதில் கறுப்பின் 'ம-கு5' பி4ஐக் குறிக்கிறது. ஜி4ஐ நோக்கிய மந்திரியின் வழியை டி7 காலாள் அடைத்திருக்கிறது.

பலகை இல்லாமல் வரிகளை மட்டும் படிப்பவருக்கு இந்த ஆறு நகர்வுகளில் ஐந்தாறு ஐயங்கள் எழும். பலகையோடு படிப்பவருக்கு ஒன்றுகூட எழாது. ஆகவே குறைவான எழுத்தைக் கண்டதும் கவனக்குறைவு என்று தீர்ப்பளிப்பது அவசரம். பெரும்பாலான இடங்களில் அது துல்லியமான கணக்கு.

காயை அடையாளப்படுத்துவதா, கட்டத்தை அடையாளப்படுத்துவதா என்பதிலும் வழக்கம் மாறியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் 'ராஜாவின் குதிரை, மந்திரி 3' என்று காய்க்கே அடைமொழி கொடுத்தார்கள். பின்னர் மெல்ல மெல்ல 'குதிரை, ராஜா மந்திரி 3' என்று அடைமொழி கட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. இந்த மாற்றத்தின் விளைவைப் பதிப்பாசிரியர்கள் போதுமான அளவு பொருட்படுத்துவதில்லை என்று நினைக்கிறேன். முதல் வழக்கில் 'ராணியின் குதிரை' என்பது பிறப்பால் வந்த பெயர். அது பத்து நகர்வுகள் சுற்றி ராஜா பக்கத்தில் ஜி3இல் நின்றாலும் ராணியின் குதிரைதான். பிற்கால எழுத்தாளர் சிலரிடம் அதே அடைமொழி, இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் குறிக்கத் தொடங்குகிறது. காலாள் விஷயத்தில் வழக்கம் தலைகீழ்: அது வெட்டி வேறு வரிசைக்குப் போனால் புதிய வரிசையின் பெயரையே பெறும்.

காய்க்கு நிரந்தரப் பெயர் கொடுக்கும் எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் அலெப்போவைச் சேர்ந்த ஃபிலிப் ஸ்டாம்மா. 1737இல் பாரிஸிலும் 1745இல் லண்டனிலும் வெளிவந்த அவருடைய நூல்களில் கட்டங்களுக்கு இன்றைய முறையைப் போலவே எழுத்தும் எண்ணும் உண்டு. காயையோ, அது தொடக்கத்தில் நின்ற நெடுவரிசையின் எழுத்தால் அழைத்தார். இதில் 'எந்த யானை?' என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் ஒரு நடு ஆட்ட நிலையைத் தனியாக எடுத்துக் கொடுத்தால், எது 'ஏ' யானை என்று நூல்தான் சொல்லவேண்டும், பலகை சொல்லாது. காயின் வரலாற்றை நினைவில் வைக்கும் பாரம் வாசகர் தலையில் ஏறுகிறது. ஸ்டாம்மாவின் கட்டப் பெயர்கள் நிலைத்து, காய்ப் பெயர்கள் மறைந்ததற்கு இது போதுமான காரணம்.

5. விதி பேசும் இடம்

ஐயத்தைத் தீர்க்கும் சான்றுகளில் முதலிடம் ஆட்ட விதிக்கு. ஒரு வாசிப்பு விதிப்படி சாத்தியமற்றது என்றால் அது வாசிப்பே அல்ல. மேலே கண்ட இத்தாலிய ஆட்டம் முழுக்க இந்தச் சான்றில் ஓடுகிறது. சற்று நுட்பமான இடம், கட்டுண்ட காய்.

நிம்சோ-இந்தியத் தற்காப்பில் 1. கா-ணி4 கு-ரா.ம3 2. கா-ணி.ம4 கா-ரா3 3. கு-ணி.ம3 ம-கு5 4. கா-ரா3 என்று போனபின், கறுப்பு கோட்டை கட்டுகிறது. வெள்ளை 'கு-ரா2' என்று விளையாடுகிறது. பார்த்த மாத்திரத்தில் சி3 குதிரைக்கும் ஜி1 குதிரைக்கும் இ2 எட்டும் தூரம். ஆனால் சி3 குதிரை நகர்ந்தால் பி4 மந்திரியின் நேர்கோட்டில் ராஜா மாட்டிக்கொள்ளும். அந்த நகர்வு விதிமீறல். ஆக 'கு-ரா2' ஜி1 குதிரையை மட்டுமே சுட்டும். சில நூல்கள் இதை அப்படியே எழுதின. சில, வாசகரை யோசிக்க வைக்க வேண்டாம் என்று 'ராஜாவின் குதிரை' என அடைமொழி சேர்த்தன. இந்த வேறுபாடு பின்னால் பயன்படும். கட்டுண்ட காய்க்கும் அடைமொழி தரும் நூலாசிரியர் மிகையாக எழுதும் பழக்கமுள்ளவர். அவருடைய நூலில் அடைமொழி இல்லாத இடம் தற்செயலாக இருக்காது.

செக் குறி இன்னொரு சான்று. கறுப்பின் இரு மந்திரிகளுக்கும் வழி திறந்திருக்கும் ஒரு நிலையில் 'ம-கு5' என்பது பி4ஆகவும் இருக்கலாம், ஜி4ஆகவும் இருக்கலாம். வெள்ளை ராஜா இ1இல் நிற்க, டி2, சி3 இரண்டும் காலியாக இருந்தால், பி4க்குப் போவது செக். ஜி4க்குப் போவது செக் ஆகாது. பதிவில் செக் குறி இருந்தால் விஷயம் தீர்ந்தது. குறி இல்லையென்றால்? ஜி4 என்று முடிவுகட்டப் பலர் தயங்குவதில்லை. அச்சிட்ட, கவனமாகத் திருத்திய நூலில் அது ஏற்கத்தக்கது. ஆட்டக்காரரின் பதிவுத்தாளில் அப்படிச் செய்வது ஆபத்து, ஏனெனில் கடிகாரம் ஓடும்போது முதலில் விடுபடுவது இத்தகைய குறிகள்தான். இருப்பது சான்று, இல்லாமை அதில் பாதிகூட இல்லை.

6. பின்னால் வரும் நகர்வு

விதி அந்த நிலையில் தீர்க்காததைப் பின்வரும் நகர்வுகள் தீர்க்கக்கூடும். இரண்டு வாசிப்புகளையும் தனித்தனியே ஆடிக்கொண்டே போனால், ஒன்று எங்கோ ஓரிடத்தில் விதியோடு மோதி நிற்கும். பிரெஞ்சுத் தற்காப்பின் பரிமாற்றக் கிளை நல்ல எடுத்துக்காட்டு:

1. கா-ரா4 கா-ரா3 2. கா-ணி4 கா-ணி4 3. கா×கா கா×கா 4. ம-ம4.

இ, டி வரிசைகளில் வழி திறந்துவிட்டதால் வெள்ளையின் இரு மந்திரிகளும் ஆளுக்கொரு 'ம4'ஐ எட்ட முடியும்: ஒன்று எஃப்4, மற்றது சி4. சி4க்குப் போனால் டி5 காலாள் மந்திரியைச் சும்மா வெட்டிக்கொண்டு போய்விடும். எந்த ஆட்டக்காரரைக் கேட்டாலும் 'எஃப்4தான், சந்தேகமே இல்லை' என்பார்.

கறுப்பின் பதிலைப் பார்க்காமல் அதை ஏற்கக்கூடாது. பதில் '4... கா×ம' என்றிருந்தால் வெள்ளை சி4க்குத்தான் போயிருக்கிறது. எஃப்4இல் உள்ள மந்திரியை வெட்டக் கறுப்பிடம் எந்தக் காலாளும் இல்லை. தவறான நகர்வு, ஆனால் நடந்த நகர்வு. பதில் '4... ம-ணி3', அடுத்து '5. ம×ம' என்றிருந்தால், டி6ஐ எட்டக்கூடிய வெள்ளை மந்திரி எஃப்4இல் மட்டுமே இருக்க முடியும். ஐயம் ஐந்தாவது நகர்வில் தீர்ந்தது. பதில் '4... கு-ரா.ம3' என்று மட்டும் இருந்தால் இரு வாசிப்பும் உயிரோடிருக்கின்றன. தொடர்ந்து ஆடிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும்.

யானைகளில் இது இன்னும் வழுக்கும். வெள்ளை ராஜா ஜி1இலும் யானைகள் ஏ1, எஃப்1இலும் நிற்க, இடையில் முதல் குறுக்குவரிசை காலி. பதிவு 'யா-ணி1' என்கிறது. சில நகர்வுகள் கழித்து 'ராஜாவின் யானை-ரா1' என்று வந்தால் தீர்ந்தது போலத் தோன்றும். தீரவில்லை. ராஜாவின் யானை எஃப்1இலிருந்தும் இ1க்கு வரலாம், முதலில் டி1க்குப் போனது அதுவே என்றால் டி1இலிருந்தும் வரலாம். மாறாக, இடையில் ராஜாவின் யானை நகராத நிலையில் 'ராஜாவின் யானை-ணி1' என்று பின்னர் வந்தால், முதல் நகர்வு ராணியின் யானையினுடையதாகவே இருக்கவேண்டும். டி1இல் ஏற்கெனவே நிற்கும் யானை டி1க்கு நகர முடியாது. ஓரெழுத்து வேறுபாட்டில் ஒன்று சான்றாகிறது, மற்றது ஆகவில்லை.

நூலில் நிலைப்படம் அச்சாகியிருந்தால் அது பின்வரும் நகர்வுகளுக்கு இணையான சான்று. இருபது நகர்வுகளின் ஐயத்தை ஒரே படம் தீர்த்துவிடும். ஆனால் படம் கோர்ப்பவரும் தவறு செய்பவர்தான். படத்திலுள்ள நிலையிலிருந்து அடுத்த நகர்வுகள் விதிப்படி தொடர்கின்றனவா என்று பார்த்தபின்பே அதை நம்பலாம்.

7. பலகைக்கு வெளியே

சில ஐயங்கள் ஆட்டத்தின் சூழலை மறந்ததால் மட்டுமே எழுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் வலியவர் எளியவருக்குக் காய் விட்டுக்கொடுத்து ஆடுவது அன்றாட வழக்கம். ராணியின் யானையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு ஆடிய ஆட்டத்தில் வெள்ளையின் 'யா-ணி1'க்கு இருபொருளே இல்லை, அங்கே ஒரு யானைதான் இருக்கிறது. விட்டுக்கொடுத்த செய்தி தலைப்பில் மட்டும் இருந்து, வரிகளை மட்டும் தட்டச்சு செய்தால், இல்லாத குழப்பம் உருவாகும்.

நிறமும் இப்படித்தான். வெள்ளையே முதலில் நகர்த்தவேண்டும் என்ற விதி உறுதிப்படும் முன், கறுப்புக் காய்களோடு முதலில் நகர்த்திய ஆட்டங்கள் ஏராளம். விளக்கக் குறியீடு இதைப் பற்றிக் கவலைப்படாது: 'கா-ரா4' எந்த நிறத்துக்கும் பொருந்தும். இயற்கணிதத்துக்கு மாற்றுபவர் இ4 என்பதா இ5 என்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். தரவுத்தளங்கள் முதலில் நகர்த்தியவரை வெள்ளையாக்கிவிடுகின்றன. வசதிக்காகச் செய்வதுதான், ஆனால் மூலப் பதிவில் இல்லாத ஒரு செய்தி அங்கே நுழைந்துவிடுகிறது, இருந்த ஒரு செய்தி வெளியேறிவிடுகிறது.

மொழி எல்லையில் நிகழும் பிழைகள் தனி வகை. ஸ்பானிய விளக்கக் குறியீடு எண்ணை முன்னால் வைக்கும். அதில் ராஜாவைக் குறிக்கும் எழுத்து ஆங்கிலத்தில் யானையைக் குறிப்பது. ஸ்பானிய நூலில் 'காலாள் 4 ராஜா' என்றுள்ள வரியை ஆங்கிலப் பழக்கத்தில் படிப்பவர் பலகையின் ஓரத்துக் காலாளை நகர்த்திவிடுவார். ஆங்கிலத்துக்குள்ளேயே, குதிரையைக் குறித்த பழைய ஈரெழுத்துச் சுருக்கத்தில் இரண்டாம் எழுத்து அச்சில் உதிர்ந்தால் மிஞ்சுவது ராஜா. நல்லவேளையாக, ராஜா அந்தக் கட்டத்துக்குப் போக முடியாது என்று விதி பெரும்பாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

8. 'நல்ல நகர்வு' என்னும் சான்று

விதி, பின்வரும் நகர்வுகள், நிலைப்படம், அதே நூலாசிரியரின் பழக்கம், ஆட்டத்தின் சூழல் ஆகிய எல்லாவற்றையும் பார்த்த பின்பும் சில வரிகள் இருபொருளோடு எஞ்சும். அங்கேதான் கை தானாக ஐந்தாறு தலைமுறைச் சதுரங்க அறிவை நோக்கிப் போகிறது: இரண்டில் எது நல்ல நகர்வோ அதையே ஆடியிருப்பார். இன்று கணினி எஞ்சின் நொடியில் விடை சொல்வதால் இந்தப் பழக்கம் வலுத்திருக்கிறது.

இதற்கு ஆதரவாகச் சொல்லத்தக்கது உண்டு. வலிமையான ஆட்டக்காரர் ஒரு மந்திரியைச் சும்மா இழக்கமாட்டார் என்பது வெறும் ஊகம் அல்ல, நிகழ்தகவு. எந்த வாசிப்பை முதன்மையாக அச்சிடுவது என்று தேர்வு செய்ய அது உதவலாம். ஆனால் எது நடந்தது என்று நிறுவ உதவாது. ஆட்டப்பதிவு ஒரு வரலாற்று ஆவணம். தவறுகளே அதன் பாதிச் செய்தி. நல்ல நகர்வைத் தேர்ந்தெடுக்கும் பதிப்பாசிரியர் ஒவ்வொரு ஐயத்திலும் பழைய ஆட்டக்காரரைக் கொஞ்சம் கெட்டிக்காரராக்குகிறார். அந்தத் தரவை வைத்து 19ஆம் நூற்றாண்டு ஆட்டத்தின் தரத்தை எஞ்சினால் அளக்க முனையும் ஆய்வாளர், பதிப்பாசிரியர் உள்ளே வைத்ததையே வெளியே எடுக்கிறார்.

குறியீடு மாற்றம் என்ற பெயரில் 'மேம்படுத்தல்' நுழைவது கற்பனை அல்ல. ஃபிஷரின் 60 ஆட்டங்கள் நூலை பாட்ஸ்ஃபோர்டு நிறுவனம் 1995இல் இயற்கணிதக் குறியீட்டில் வெளியிட்டபோது, குறியீட்டோடு சேர்த்து விளக்க வரிகளும் பகுப்பாய்வும் பல இடங்களில் திருத்தப்பட்டிருந்தன. ஃபிஷர் வெளிப்படையாகக் கொதித்தார். 2008இல் அதே நிறுவனம் மூல வாசகத்துக்குத் திரும்பி, குறியீட்டை மட்டும் மாற்றிய பதிப்பைக் கொண்டுவந்தது. அங்கே மூலநூல் எல்லோர் கையிலும் இருந்ததால் வேறுபாடு தெரிந்தது. ஒரே ஓர் இதழில் ஒரே ஒரு முறை அச்சான ஆட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நிம்சோவிச்சின் 'மைன் சிஸ்டம்' போன்ற நூல்களுக்கு இருக்கிறது: 1925இல் ஜெர்மானிய மூலம் இயற்கணிதத்தில் வந்தது, 1929இல் ஆங்கில மொழிபெயர்ப்பு விளக்கக் குறியீட்டுக்கு மாறியது. ஆங்கிலப் பதிப்பில் ஐயம் எழுந்தால் ஊகிக்க வேண்டியதில்லை, ஜெர்மானிய மூலத்தைத் திறந்தால் போதும். அதைத் திறக்காமல் எஞ்சினைத் திறப்பது சோம்பல்.

தரவுத்தளங்களின் பொதுவடிவமான பிஜிஎன் 1990களின் தொடக்கத்தில் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு நகர்வை அது கேட்கிறது. 'இதுவோ அதுவோ' என்று எழுத முதன்மை வரியில் இடமில்லை. ஆனால் நகர்வையடுத்து வளைவுக்குறிக்குள் மாற்று வரியையும் நெளிவுக்குறிக்குள் குறிப்பையும் எழுத அதே வடிவம் அனுமதிக்கிறது. 'மூலத்தில் ம-ம4 என்று மட்டுமே உள்ளது. சி4ஆகவும் இருக்கலாம்' என்று எழுத ஒரு வரிக்கு மேல் தேவைப்படாது. தேடலில் அந்தக் குறிப்பு தொலைந்துபோகலாம் என்பது உண்மைதான். எழுதாவிட்டால் ஐயம் இருந்ததே தொலைந்துபோகும், அது அதைவிட மோசம்.

நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் விளக்கக் குறியீட்டில் அச்சான ரைன்ஃபெல்ட், செர்னெவ் நூல்கள் இன்னும் கிடைக்கின்றன. மன்றங்களின் பழைய பதிவுத்தாள்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். அவற்றைக் கணினியில் ஏற்ற முன்வருபவர்களிடம் ஒரே வேண்டுகோள்: மூலத்தில் எழுதியுள்ள வரியை அப்படியே ஒரு குறிப்பில் வையுங்கள், இரண்டு வாசிப்பும் நிற்குமானால் இரண்டையும் கொடுங்கள், எஞ்சினிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள்.